கண்டி வீதியும் கைவினை ஊர்களும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு ஏறக்குறைய 115 கிலோமீற்றர் நீளமானது. மைற்கல் எண்ணிப் பழகிய முதியோர் அதனை 72 மைல் என்பர். பஸ் வண்டியில் ஏறி யன்னலோரத்தில் அமர்ந்தால் கண்ணிற் படுவன பல. தென்னந் தோப்புகளும் வயல்களும் ஓடி மறையும்; பிரம்பு நாற்காலிகள் அடுக்கிய கடைகள் வரும்; சற்றுத் தூரம் சென்றால் மட்பாண்டக் குவியல்கள்; மலையேறியபின் பித்தளை விளக்குகள் மின்னும் கடைகள். பிரயாணி இவற்றை வெறுங் கடைகளாகவே கண்டு செல்கின்றான். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் பின்னே ஓர் ஊர் இருக்கின்றது. அவ்வூருக்கு ஒரு தொழில் இருக்கின்றது. அத்தொழிலுக்கு நீண்டதொரு வரலாறும் இருக்கின்றது.

நேயர்களே, இன்று அவ்வூர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு, கொழும்பிலிருந்து கண்டி வழியாக மாத்தளை வரையும் தரைவழியே ஒரு பிரயாணம் செய்வோம். வழித்துணையாக ஒரு கேள்வியையும் உடன் கொண்டு செல்வோம். இக்கைப்பணிகளை ஆதரித்த அரசர்கள் மறைந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் பின்னரும் இவற்றுட் சில நிலைத்து நிற்பதும் சில தேய்ந்து போனதும் எதனால்?

முதலிற் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டி அரசர் காலத்திலே கடற்கரைக்கும் மலைநாட்டிற்கும் இடையே அகன்ற தெரு கிடையாது. ஒருவர்பின் ஒருவராக நடக்கும் ஒற்றையடிப் பாதைகளும், அவற்றை மறித்து நின்ற முட்கதவுகளும், காடும் மலையுமே இராச்சியத்தின் அரண்களாக விளங்கின. கொழும்பை விட்டுப் புறப்பட்டதும் நாம் காணும் கடவத்தை என்னும் ஊர்ப் பெயர் அத்தகைய காவற் கடவையையே குறிக்கின்றது. 1815 ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டிலே தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் இப்பெருந்தெருவை அமைக்கச் செய்தார். தெரு வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829 ஆம் ஆண்டில் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய உயர்ந்த தூபி கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. பாறையைக் குடைந்து தெருவைக் கொண்டுசென்ற இடமும் அங்கேயே உண்டு. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி வசப்படும் என்றொரு பழைய நம்பிக்கை இருந்ததாகச் சொல்வர். 1867 ஆம் ஆண்டிற் புகைவண்டியும் கண்டியை அடைந்தது. பாதை என்பது இரு திசைக்கும் உரியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்கு இறக்கிய அதே பாதையால் ஆலைத் துணியும், இரும்புச் சாமான்களும், இரசாயனச் சாயங்களும் மலைக்கு ஏறின. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நிட்டம்புவையைக் கடந்து வறக்காப்பொலையை நோக்கிச் செல்கையில் வேவல்தெனிய என்னும் ஊர் வருகின்றது. சிங்களத்தில் ‘வேவல்’ என்றால் பிரம்பு. தொழிலே ஊருக்குப் பெயராயிற்று. இங்கும் அயலிலுள்ள ரதாவடுன்னையிலும் பிரம்பைச் சீவி, வெப்பங் காட்டி வளைத்து, நாற்காலியும் தொட்டிலும் கூடையும் செய்வோரைக் காணலாம். பிரம்பை வளைப்பதிலே ஒரு நிதானம் வேண்டும். வெப்பம் குறைந்தால் வளையாது, மிகுந்தால் கருகும். அந்த நிதானத்தைக் கை அறியுமேயன்றி வாய் சொல்லிக் கொடுக்க இயலாது. காட்டுப் பிரம்பு அருகிவிட்டமை இவர்களுக்குப் பெரியதோர் இடர். ஆயினும் தொழில் நடக்கின்றது. வீட்டிற்கு நாற்காலியும் குழந்தைக்குத் தொட்டிலும் வேண்டியிருக்கின்றன; வாங்குவோர் தெருவோரத்திலேயே வண்டியை நிறுத்துகின்றனர். நம் கேள்விக்கு முதலாவது குறிப்பு இங்கே கிடைக்கின்றது.

கேகாலைக்குச் செல்லுமுன் நெலுந்தெனியவிற் பெருந்தெருவை விட்டு விலகினாற் சிறிது தூரத்தில் தெதிகமை என்னும் ஊரை அடையலாம். முதலாம் பராக்கிரமபாகுவோடு தொடர்புடைய பழைய தூபி அங்கே உண்டு. அத்தூபியை அகழ்ந்தபோது கிடைத்த யானை விளக்கை அவ்வூர் நூதனசாலையோடு சேர்த்துப் பேசாதார் இல்லை. அது 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கல வேலைப்பாடு. அகல் நடுவே ஒரு யானை நிற்கின்றது. யானையின் வயிறே எண்ணெய்க் களஞ்சியம். அகலில் எண்ணெய் குறையும்போது காற்று உட்புகுந்து, வயிற்றிலுள்ள எண்ணெய் தானாகவே சொட்டும். மட்டம் உயர்ந்ததும் காற்றுப் புகும் வழி அடைபட்டுச் சொட்டுதல் தானாகவே நிற்கும். நீர்மப் பொருள்களின் இயல்பை நன்கு கற்றவன் ஒருவனும் உலோகம் வார்ப்பதில் வல்லவன் ஒருவனும் ஒரே ஆளாக இருந்தாலன்றி இத்தகைய விளக்குப் பிறந்திராது. கைவினைஞனை எழுத்தறியாத தொழிலாளி என்று எண்ணிவிடும் வழக்கத்தை இந்த விளக்கு ஒன்றே மாற்றப் போதுமானது.

மீண்டும் பெருந்தெருவுக்கு வருவோம். கேகாலைக்கும் மாவனெல்லைக்கும் இடையே உள்ளது மொலகொடை. இது குயவர் ஊர். சக்கரத்தில் எழும் பானை முழுப் பானையன்று. வாயும் கழுத்துமே அங்கே திருத்தமாக உருவாகும். சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத்தட்டினால் மெல்ல மெல்லத் தட்டி வயிற்றையும் அடியையும் விரிப்பர். தட்டும் ஓசையைக் கேட்டே சுவரின் கனத்தை அறிந்துகொள்ளும் முதியோர் உண்டு. அலுமினியப் பாத்திரமும் பிளாஸ்ரிக்கும் வந்தபின் மண்பானை ஒழிந்துவிடும் என்று பலர் எண்ணினர். அது ஒழியவில்லை. தயிருக்கு மண்சட்டி வேண்டும். மீன் குழம்புக்கு மண்சட்டி வேண்டும். சித்திரைப் புத்தாண்டிற் சிங்கள மக்கள் புதுப்பானையிற் பால் பொங்க வைக்கின்றனர். தைத்திருநாளில் நாம் புதுப்பானையிற் பொங்கலிடுகின்றோம். இரு சாராருடைய நற்காரியத்திற்கும் குயவனுடைய கை முன்னதாகவே உழைத்திருக்கின்றது. பயன் இருக்கும்வரை பானையும் இருக்கும்.

கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்ததும் காற்றுக் குளிர்கின்றது. பிலிமத்தலாவையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பித்தளை வார்ப்போர் வாழ்கின்றனர். மெழுகினால் முதலில் உருவம் செய்வர். அதன்மேல் மண்ணைப் படிப்படியாகப் பூசி உலர்த்துவர். நெருப்பிலிட்டதும் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்கூட்டை உடைத்தால் விளக்கு வெளிப்படும். உடைத்த கூடு மீண்டும் பயன்படாது. ஆகவே இம்முறையில் வார்த்த விளக்கு ஒவ்வொன்றும் தனிப்பிறவி. தமிழர் வீட்டுக் குத்துவிளக்கும் விகாரைகளில் எரியும் விளக்கும் இவ்வாறே பிறக்கின்றன.

இவ்விடத்தில் நின்றபடி தெற்கே திரும்பினால், சில கிலோமீற்றர் தூரத்துள் மூன்று பழைய தலங்களை அடையலாம். கடலாதெனிய விகாரை 1344 ஆம் ஆண்டிற் கல்லினாற் கட்டப்பெற்றது. அதன் தூண்களையும் போதிகைகளையும் காணும் தமிழருக்கு ஊர்க்கோயில் ஒன்றினுள் நிற்பது போன்ற உணர்ச்சி உண்டாகும். அதனைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். லங்காதிலக விகாரையும் அதே காலத்தது. நான்காம் புவனேகபாகு மன்னனின் ஆட்சியிற் பாறையொன்றின் உச்சியிலே எழுந்தது. அப்பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் அமைந்துள்ளது. மூன்றாவது எம்பெக்கைத் தேவாலயம். கதிர்காமத் தெய்வத்திற்கு உரிய அக்கோயிலின் மேள மண்டபத்தில் மரத்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மல்லர், ஆடல் மகளிர், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய், அன்னம் எனப் பலவகை உருவங்களை அவற்றிற் செதுக்கியிருக்கின்றார்கள். மண்டபக் கூரையின் ஓரிடத்தில் இருபத்தாறு கைமரங்கள் ஒன்றுகூடி ஒரே மர ஆணியினாற் பிணைக்கப்பட்டு நிற்பதைத் தச்சரும் நெடுநேரம் அண்ணாந்து பார்ப்பர். மலைநாட்டுக் கலை ஓரினத்தார் தனித்து வளர்த்ததன்று என்பதற்கு இம்மூன்று தலங்களும் சான்று. கற்றச்சன் எங்கிருந்து வந்தான் என்று அரசன் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் வேலையை ஏற்றுக்கொள்வதற்கு அது தடையாகவில்லை.

கண்டி நகரை அடைந்துவிட்டோம். அரசர் காலத்திலே இங்குள்ள கைவினைஞர் சந்தையை நம்பி வாழவில்லை. அரசன் அவர்களுக்குச் சம்பளத்திற்குப் பதிலாக நிலம் கொடுத்தான். நிலத்தை உண்பவன் அதற்கு ஈடாக இன்ன வேலை செய்யவேண்டும் என்பது முறை. அத்தகைய நிலக்கூறு ‘பங்குவ’ எனப்பட்டது. நமது ‘பங்கு’ என்னும் சொல்லை அதிற் கேட்கலாம். பொற்கொல்லன், தச்சன், ஓவியன் எனச் சிறந்தோர் அரண்மனையின் நான்கு பட்டறைகளிற் பணியாற்றினர். வயிற்றுக்கு வயல் இருந்தமையால் ஒரு வேலைக்கு எத்தனை நாட் செல்லும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவேண்டியதில்லை. அதே வேளையில், அவ்வேலையை மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. 1815 ஆம் ஆண்டில் அரசன் போனான். 1832 ஆம் ஆண்டில் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களிலேயே பழைய முறை ஓரளவு எஞ்சியது. எசல பெரஹரா வரும்போது அதன் சாயலை இன்றும் காணலாம். ஊழியம் ஒழிந்தது நன்மையே. ஆனால் ஊழியத்தோடு ஆதரவும் ஒழிந்தது. விடுதலை பெற்ற கைவினைஞன், ஆலைப் பொருள்கள் மலையேறி வந்த அதே சந்தையில் அவற்றோடு போட்டியிட விடப்பட்டான்.

இந்த நிலையை நேரிற் கண்டு எழுதியவர் நம்மவர் ஒருவர். கொழும்பில் 1877 ஆம் ஆண்டிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. அவர் கற்றது மண்ணியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்து ஊரூராகச் சென்றார். கற்களைத் தேடிச் சென்றவருடைய கண்ணிற் கைகள் பட்டன. குயவனும் கொல்லனும் பாய் நெய்வோனும் எவ்வாறு வேலை செய்கின்றனர், என்ன கருவியைப் பிடிக்கின்றனர், எந்தச் சாயத்தைக் காய்ச்சுகின்றனர் என்பவற்றை நுணுக்கமாகக் குறித்துக்கொண்டார். அவருடைய மனைவி எதெல் புகைப்படங்கள் எடுத்து உதவினார். இக்குறிப்புகளிலிருந்து எழுந்ததே 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கில அறிஞர் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே, 425 பிரதிகள் மட்டும் அச்சாயின. கையால் ஆகும் தொழில்களைப் பற்றிய நூல் கையாலேயே அச்சாகவேண்டும் என்பது அவர் கொள்கைக்கு ஏற்றதே. சிங்களக் கைவினைக்கு இத்தகையதொரு நூலை எழுதியவர் ஒரு தமிழ்த் தந்தையின் மைந்தர் என்பது நாம் அடிக்கடி நினைக்கவேண்டிய செய்தி.

கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கு. மகாவலி கங்கைக்குக் குறுக்கே விக்ரோரியா அணை 1985 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டபோது, இப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் பழைய தெல்தெனிய நகரமும் நீருள் மறைந்தன. மேட்டிலுள்ள ஹேனவலை என்னும் ஊரில், தும்பறைப் பாய் நெய்யும் சில குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ‘ஹண’ என்பது நீண்டு தடித்த இலைகளையுடைய செடி. பார்வைக்குக் கற்றாழையைப் போன்றது. அதன் இலையை மரக்கட்டையின்மேல் வைத்துச் சுரண்டினாற் சதை நீங்கி வெண்ணார் எஞ்சும். அந்நாரைக் கழுவி உலர்த்திச் சாயமிடுவர். பதங்கக் கட்டையினாற் சிவப்பும், மரமஞ்சளினால் மஞ்சளும், கடுக்காயும் சேறும் சேர்த்துக் கறுப்பும் உண்டாக்குவது பழைய முறை. தரையோடு தாழ்ந்த தறியில் அமர்ந்து, இழைகளை எண்ணி எடுத்து, மானும் பறவையும் பாம்பும் யானையும் எழச் செய்வர். கோலம் தாளில் இல்லை. எத்தனை இழை தூக்குவது, எத்தனை இழை விடுவது என்ற எண்ணிக்கையாக நெஞ்சில் இருக்கின்றது.

இந்தப் பாய்கள் அரண்மனையை அலங்கரித்தன. ஆனால் அவற்றை நெய்த கின்னரச் சமூகத்தாருக்கு அன்றைய சமுதாயம் என்ன மதிப்புக் கொடுத்தது? 17 ஆம் நூற்றாண்டிற் கண்டி நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் இவர்களைப் பற்றி எழுதியிருக்கின்றார். அழகிய பாய் நெய்வது இவர்கள் தொழில் என்கின்றார். இவர்கள் தலையில் எதுவும் அணியக்கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்ததையும் அடுத்த வரியிலேயே சொல்கின்றார். பாய் சிங்காசனத்தின் அருகே சென்றது. நெய்தவன் ஊரின் ஓரத்தில் நின்றான். 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தும்பறைப் பாய் நெய்யும் கலையை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அது பெருமைக்குரியது. எனினும், ‘இளைஞர் தொழிலை விட்டுப் போகின்றனரே’ என்று வருந்துவோர் ஒன்றை நினைக்கவேண்டும். தொழிலோடு தாழ்வையும் சேர்த்துத் தந்த பரம்பரைச் சொத்தை ஒரு மகன் மறுத்தால், அவனைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? கலையைக் காக்கவேண்டுமாயின் முதலில் கலைஞனை நிமிர்ந்து நிற்க விடவேண்டும்.

கண்டியிலிருந்து வடக்கே சென்றால் மாத்தளை. இம்மாவட்டத்திலுள்ள பள்ளே ஹப்புவிட என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பேர் பெற்றது. அரக்கை நெருப்பனலில் இளக்கி, இழுத்து, அடித்து, நிறம் கலப்பர். பின்பு அதனை மெல்லிய நூலாக இழுத்து, மரக்கோலின்மேற் சுற்றி, வேண்டிய இடத்திற் பெருவிரல் நகத்தினால் நறுக்கி ஒட்டுவர். தூரிகை இல்லை; கத்தி இல்லை; நகமே கருவி. ஆதலால் இதற்கு நகவேலை என்றே பொருள்படச் சிங்களத்திற் பெயர் வழங்குகின்றது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்னும் நிறங்களில் விசிறிக் காம்பும் கைத்தடியும் கொடிக்கோலும் ஒளிர்கின்றன. அனல் ஆறுமுன் வேலை முடியவேண்டும். ஆகவே தயங்கும் விரலுக்கு அங்கே இடமில்லை. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையிலேதான், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியே வந்த பௌத்த மறைகள் ஏட்டில் எழுதப்பட்டன. ஓலையைப் பதஞ்செய்வதும் எழுத்தாணி பிடிப்பதும் கைப்பணியே அன்றோ? ஒரு சமயத்தின் நினைவு முழுவதையும் கைவினைஞனிடம் ஒப்படைத்த இடம் அது.

மாத்தளையை நினைக்கும் தமிழர் வேறொரு தரைவழிப் பிரயாணத்தையும் மறத்தல் ஆகாது. 19 ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டினுள் நுழைந்த வாயில் மாத்தளை. நோயினாலும் பசியினாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் கைகளே கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மலையெங்கும் வளர்த்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தை நொடிப்பொழுதிற் தெரிந்து கிள்ளும் விரலுக்கும், அரக்கை நகத்தால் நறுக்கும் விரலுக்கும் திறமையில் எவ்வளவு வேறுபாடு? ஒன்றைக் கலை என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கின்றோம். மற்றதைக் கூலி என்று கணக்கில் எழுதுகின்றோம்.

நமது கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஒரு கைப்பணி பாராட்டினால் மட்டும் வாழ்வதில்லை. அயலவருக்கு அப்பொருள் அன்றாடம் தேவைப்படவேண்டும். அதற்குரிய மண்ணும் நாரும் பிரம்பும் கிடைக்கவேண்டும். செய்பவனுக்குச் சோறும் மானமும் கிடைக்கவேண்டும். பானையும் விளக்கும் நிலைத்தன. அவற்றை வேண்டும் வீடுகள் பல. பாயும் அரக்கும் தேய்ந்தன. அவற்றை வேண்டியது ஒரே அரண்மனை. அரசாங்கம் லக்சல விற்பனை நிலையங்களை அமைத்ததும், தேசிய அருங்கலைகள் பேரவையை நிறுவியதும், அதற்கு நெடுங்காலம் முன்பே 1882 ஆம் ஆண்டிற் கண்டியக் கலைச் சங்கம் தோன்றியதும் இழந்த அரண்மனைக்கு மாற்றுத் தேடிய முயற்சிகளே. அம்முயற்சி நிறைவேறுவது நம் போன்ற பிரயாணிகள் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை இத்தெருவாற் செல்லும்போது ஓரிடத்திலாவது இறங்குங்கள். கடையோடு திரும்பாமற் பின்னாலுள்ள பட்டறைக்குச் செல்லுங்கள். சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோகும் பொருளைக் காட்டிலும் வீட்டில் நாள்தோறும் கையாளும் பொருளை வாங்குங்கள். விலை கேட்குமுன், ‘இதற்கு எத்தனை நாட் சென்றது?’ என்று கேளுங்கள். அந்த நாட்களை உங்கள் ஒரு நாட் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், விலை குறைக்கச் சொல்ல உங்களுக்கு மனம் வருமானாற் சொல்லுங்கள்.